பதினொரு விநாடி

"பெள்ளி ரோஜு சுபாகாங்க்ஷலு, பிரபாகர் காரு, யாமினி காரு" என்று மைக்கில் தெலுங்கில் கல்யாண நாள் வாழ்த்துச் சொன்னார்கள்.

ரேஷ்மா திரும்பிப் பார்த்தாள். தீம் பார்க்கின் டிக்கெட் கவுன்ட்டர் பக்கத்தில், சட்டையில் காகித ரோஜாவோடு நின்றவரை அவளுக்குத் தெரியும். அவள் வகுப்பில் படிக்கிற யஸ்வந்த்தின் அப்பா. பக்கத்தில் அவன் அம்மா.

ரேஷ்மா நகரியில் ஒரு தனியார் பள்ளி டீச்சர். வருகிற வெள்ளிக்கிழமை ஏழாம் வகுப்பை இதே பார்க்குக்கு டூர் கூட்டி வரப்போகிறார்கள். சாப்பாடு, லாக்கர் எல்லாம் பேசி முடிக்கத்தான் ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக திருப்பதி வரை வந்திருந்தாள்.

வகுப்பில் முப்பத்தெட்டுப் பேர். முப்பத்தேழு பேர் வீட்டில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார்கள். பாக்கி யஸ்வந்த் ஒருவன்தான். குடும்பம் வரதய்யபாளையத்திலிருந்து நகரிக்கு வந்த பிறகு, இந்த வருஷம் சேர்ந்த பையன்.

"நைனா வேணான்னுட்டார் மேடம்" என்று பெஞ்சில் தலை கவிழ்த்து அழுதான். மத்தியானம் டிபன் பாக்ஸைக்கூடத் திறக்கவில்லை.

அந்த நைனாதான் இங்கே ரோஜாவோடு நிற்கிறார்.

ரேஷ்மா நேராகப் போனாள். "பசங்க வரலையா சார்?"

பிரபாகர் திடுக்கிட்டார். "இல்ல மேடம். யஸ்வந்த்தும் சின்னவ ஹரிதாவும் அவங்க அத்தை வூட்ல இருக்காங்க. இன்னிக்கு எங்க கல்யாண நாளு."

"நீங்க இங்க வந்திருக்கறது அவனுக்குத் தெரியுமா?"

யாமினி தரையைப் பார்த்தாள். "கோயிலுக்குப் போறோம்னு சொல்லிட்டு வந்தோம்."

மேலே பேசினால் சண்டையாகிவிடும் என்று ரேஷ்மா ஆபீஸ் பக்கம் நடந்துவிட்டாள்.

வேலை முடிய மத்தியானமாகிவிட்டது. போகிற வழியெல்லாம் அவர்கள் கண்ணில் பட்டார்கள். ஆகாயத்தில் சுழற்றி அடிக்கிற ரைடில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். பிரபாகர் பெல்ட்டை மூன்று தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, ஆபரேட்டரிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். இறங்கியதும் யாமினி ஓரமாக உட்கார்ந்து வாந்தி எடுத்தாள்.

"போதும்னா போயிடலாம்" என்றார் பிரபாகர்.

"அதுலயும் ஏறிடலாம்" என்று அடுத்த ரைடைக் காட்டினாள் அவள்.

பிள்ளை அங்கே அழுதுக்கினு இருக்கான், இவங்களுக்கு ஆசை அடங்கலையே என்று முணுமுணுத்துக்கொண்டே ரேஷ்மா லாக்கர் பக்கம் போனாள்.

கடைசியாக அலைக் குளத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்பலாம் என்று வந்தாள். பிரபாகர் ஆழமான பக்கத்தில், கழுத்தளவுத் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். யாமினி கரையில் இருந்தாள்.

பிரபாகர் முங்கினார்.

எழும்பவில்லை.

அலை வந்து போனது. அந்த இடத்தில் தலை தெரியவில்லை. ரேஷ்மா ஃபைலோடு ஓடி வந்தாள்.

"ஏம்மா, உங்க வூட்டுக்காரர் தண்ணிக்குள்ள..."

யாமினி கத்தவில்லை. நகரவும் இல்லை. தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்; உதடு மட்டும் அசைந்தது. ரேஷ்மா தோளைப் பிடித்து உலுக்கினாள். அப்போதும் உதட்டசைவு நிற்கவில்லை.

விசில் சத்தம் கேட்டது. உயரமான நாற்காலியிலிருந்து லைஃப்கார்டு குதித்தார். நாலே வீச்சில் நீந்திப்போய்ப் பிரபாகரைத் தூக்கிக் கரைக்கு இழுத்து வந்தார்.

பிரபாகர் முகத்தை வழித்துக்கொண்டு மனைவியைத்தான் பார்த்தார்.

"எத்தினி?"

"பதினொண்ணு."

அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்ததும் லைஃப்கார்டு தெலுங்கில் பிடிபிடியென்று பிடித்தார். பிரபாகர் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

ரேஷ்மாவால் அடக்க முடியவில்லை.

"நீங்க என்ன சின்னப் பசங்களா சார்? பெத்த பையன்கிட்ட பொய் சொல்லிட்டு வந்து, எவ்ளோ நேரம் முங்கறதுன்னு பந்தயம் கட்டி விளையாடறீங்க. அவன் மூணு நாளா யார்கூடவும் பேசறதில்ல. உங்கள மாதிரி அப்பா அம்மாவ நான் பாத்ததேயில்ல."

சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிரபாகர் யாமினியைப் பார்த்தார். அவள் லேசாகத் தலையசைத்தாள்.

"அந்த டூர் ஃபாரம் உங்ககிட்ட இருக்குதா மேடம்?"

ரேஷ்மா குழப்பத்தோடு ஃபைலிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். பிரபாகர் டவலில் கையைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். பிறகு பேனாவை மனைவியிடம் நீட்டினார். அவளும் அதன் கீழேயே போட்டாள்.

"காலைல கேட்டிருந்தீங்கன்னா வேணான்னுதான் சொல்லியிருப்பேன்" என்றார் பிரபாகர். "அவன் ஏறப்போறது எல்லாத்துலயும் ஏறிப் பாத்துட்டோம். பாத்தும் எங்களுக்கு மனசு வரலன்னா, அவன இன்னொரு வாட்டி அழவைக்கணும். அதான் அவன்கிட்ட சொல்லல."

"சரி சார், அதுக்காக இப்படி முங்கி..."

யாமினி ஈர டவலை மடித்துக்கொண்டே சொன்னாள்:

"யஸ்வந்த்துக்கு மேல எங்களுக்கு ஒரு பொண்ணு இருந்தா மேடம். வேற ஸ்கூலு. டூருக்குப் போன எடத்துல ஆத்துல முங்கிட்டா. அவ இல்லன்றதே, எல்லாரையும் பஸ்ஸுல ஏத்தி தலை எண்ணும்போதுதான் டீச்சருங்களுக்குத் தெரிஞ்சுது."