நிறுவையில் முதல்

தேயிலைக் கொழுந்து நிறுவையில் பத்து வருஷமாக மணியம்மாதான் முதல். அவள் கூடையை ஏற்றியதும் தராசு முள் துள்ளுவதைப் பார்க்கும்போதெல்லாம் வேலாயிக்கு வயிறு எரியும்.

"நாளைக்கு ரிங்லெட் கிளினிக்லேருந்து நர்ஸ் மிஸ்ஸி வந்து உங்களையே நிறுக்கப் போறாங்க" என்று கங்காணி சொன்னபோது, எதற்கு என்றுகூட வேலாயி கேட்கவில்லை.

மறுநாள் மணியம்மா முதலில் ஏறினாள்.

"அறுபத்தொம்பது கிலோ" என்றார் மிஸ்ஸி.

அடுத்து வேலாயி, வயிற்றைப் பிடித்தபடி மெல்ல ஏறினாள்.

"எழுபத்திரண்டு."

வேலாயி இறங்கி மணியம்மாவைப் பார்த்தாள். "இன்னிக்கு நான்தான்லா முதல்."

மிஸ்ஸி அவள் பேரைத் தனித்தாளில் எழுதினார். வேலாயிக்குத் தலைகால் புரியவில்லை.

"எழுபதைத் தாண்டினவங்களுக்குப் புதுச் சட்டம்மா. இனிமே தேத்தண்ணியில சீனி, டின்பால் கூடாது. தினமும் விடிஞ்சதும் கோயில் மேடு வரைக்கும் நடக்கணும். மணியம்மாவுக்கு ஒரு கட்டுப்பாடும் இல்ல."

வேலாயி ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். மணியம்மா பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"சரிங்க மிஸ்ஸி" என்றாள் வேலாயி, மடியில் கட்டியிருந்த அம்மிக் குழவியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு.