ஏசிக்கு அடியில் ஒரு கட்டில்

வெளியே வெயில் ரோட்டுத் தாரை உருக்குகிறது. கட்டில் கடைக்குள் ஏசி சிலுசிலுக்கிறது. விலை கேட்கிற சாக்கில் தையல்காரரும் மனைவியும் தினமும் மதியம் படுத்துப் பார்க்கிற மூலைக் கட்டிலில் இன்று வேறொருத்தி சாய்ந்திருக்கிறாள். அவள் தலைக்கு வாகாகத் தலையணையை நகர்த்தித் தருகிறான் புருஷன். தையல்காரர் மனைவி விறுவிறுவென்று கட்டிலருகே வந்து நிற்கிறாள். "அதை வாங்காதீங்கம்மா, புரண்டு படுத்தா கிரீச்சுங்கும்" என்கிறாள் பொறுக்காமல். "சும்மா இருடி" என்று தையல்காரர் முழங்கையால் இடிக்கிறார். விற்பனையாளன் சிரிக்கிறான். "கோடை பூரா இதுலதானே குறட்டை விட்டீங்க அக்கா? ஒரு நாளாவது சத்தம் கேட்டு முழிச்சீங்களா?" சாய்ந்திருந்தவள் சட்டென்று எழுந்து உட்கார்கிறாள். "அவ்வளவு நல்லா தூக்கம் வருதா? அப்போ இதையே குடுத்துடுங்க." கட்டிலைப் பிரிக்க விற்பனையாளன் முதலில் தலையணையைத் தூக்குகிறான். மறுமுனையை எட்டிப் பிடித்த தையல்காரர் மனைவி விடுவதாயில்லை.