படகைத் திருப்பியவள்

"சட்டையைக் கழட்டுங்க மாப்பிள்ளை. உங்களை ஒரு தடவை கடல்லேருந்து தூக்கினதுக்கே எனக்கு இன்னும் முதுகு வலிக்குது" என்றாள் கடற்படை டாக்டர்.

அவன் சிரிக்காமல் பொத்தான்களை அவிழ்த்தான். கடற்படையில் முக்குளிப்பு வீரன். அடுத்த மாதம் அவளுடைய தங்கையைக் கட்டிக்கொள்ளப் போகிறவன். வேறு தளத்திலிருந்து மாற்றலாகி வந்திருந்ததால், வருடாந்திரப் பரிசோதனைக்கு இப்போதுதான் முதல் தடவையாக அவளிடம் வந்திருந்தான்.

"படுக்கணுமா மேடம்?"

"இன்னும் என்ன மேடம்? வாய் நிறைய அக்கான்னு கூப்பிடுங்க. உள்ள ஓடிட்டிருக்கறது நான் மீட்டுக் கொடுத்த உயிராக்கும்."

விளையாட்டுப் பேச்சுதான். ஆனால் பொய் இல்லை. போன வருடம் பாய்மரப் படகுப் போட்டியின் கடைசிச் சுற்று. ஆளுக்கொரு படகு, உலகப் போட்டிக்கு ஒருவருக்குத்தான் இடம். அவள் முதலில், அவன் அடுத்து, தங்கை மூன்றாவதாக வந்துகொண்டிருந்தார்கள். எல்லைக்கொடி கண்ணுக்குத் தெரிகிற நேரத்தில் அவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் விழுந்தான்.

அலறல் கேட்டதும் அவள் யோசிக்கவே இல்லை. படகைத் திருப்பினாள். தங்கையின் படகு அவனுக்கு இன்னும் பக்கத்தில்தான் இருந்தது. பாவம், பாய் மறைத்திருக்கும். கவனிக்காமலே தாண்டிப் போய்விட்டாள்.

உதவி செய்ததற்காக, முந்தைய சுற்றுகளின் சராசரிப் புள்ளியை நடுவர்கள் அவளுக்குக் கொடுத்தார்கள். அப்படியும் ஒரே ஒரு புள்ளியில் தங்கை முந்திவிட்டாள். முப்பத்தொன்பது வயதில், கப்பல் பணி போக மிச்சமிருந்த விடுமுறையை எல்லாம் உப்புத் தண்ணீரில் கரைத்தவளுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. "உயிருக்கு முன்னாடி கோப்பை எம்மாத்திரம்?" என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னாள். தன் தலையணையிடம் மட்டும் அவளால் அப்படிச் சொல்ல முடியவில்லை.

ஜெயித்தது தங்கைதானே என்று தேற்றிக்கொண்டாள். பத்து வயதில் அவள் கையில் பாய்க்கயிற்றைக் கொடுத்துப் பழக்கியதே இவள்தான். ஆறு வார ஓய்வென்று வீட்டில் கிடந்தவனைப் பார்க்கப் போய்ப் போய்த் தங்கைக்கு அவன் மேல் பிரியம் வந்தபோது, முதலில் சம்மதம் சொன்னவளும் இவள்தான்.

டாக்டர் அவனுடைய பழைய ஃபைலைப் புரட்டினாள். காது, நுரையீரல், ரத்த அழுத்தம்... விரல் ஒரு பக்கத்தில் நின்றது.

போட்டி முடிந்த நான்காவது நாள். ஆழத்தில் இறங்குவதற்கான தகுதிப் பரிசோதனை. 'எப்போதாவது நெஞ்சுவலி வந்ததுண்டா?' என்ற கேள்விக்கு நேரே அவன் கையெழுத்தில் 'இல்லை' என்று இருந்தது.

"ஆறு வாரம் ரெஸ்ட்னு எங்ககிட்ட சொன்னீங்க. நாலாவது நாள் ட்ரெட்மில்ல பன்னெண்டு நிமிஷம் ஓடியிருக்கீங்க! வலியை மறைச்சா கையெழுத்துப் போட்டீங்க? தண்ணிக்கடியில செத்துப்போயிருப்பீங்களேப்பா!"

"மறைக்கல."

"அப்புறம்?"

அவன் சட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். "எனக்கு வலியே வரலக்கா."

அவன் அவளை அக்கா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

அன்று கரை சேரும்வரை அவன் மணிக்கட்டை விடாமல், "கண்ணை மூடாதீங்க, என்கிட்ட பேசுங்க" என்று தான் கெஞ்சிக்கொண்டே வந்தது அவளுக்கு நினைவுக்கு வந்தது.

"நடிச்சீங்களா? எதுக்கு?"

"நீங்க ஜெயிக்கக் கூடாதுன்னு தோணுச்சு. அவ்வளவுதான். வேற எதுவும் கேக்காதீங்க."

"உங்க ரெண்டாவது இடமும் சேர்ந்துதானே போச்சு?"

அவன் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டான்.

அவள் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். நடைக்கூடத்து பெஞ்சில் தங்கை ஃபோனில் கல்யாணப் புடவைப் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"எழுந்திரு. இந்தக் கல்யாணம் உனக்கு வேண்டாம். அன்னைக்கு அந்தாளுக்கு ஒண்ணுமே இல்லடி. அத்தனையும் நடிப்பு. என்னைத் தோக்கடிக்கத்தான் விழுந்திருக்கான்!"

தங்கை அதிர்ச்சியடையவில்லை. ஃபோனைக் கவிழ்த்து வைத்தாள். அக்காவின் முகத்தைப் பார்க்காமல், மூடிய கதவைப் பார்த்துச் சொன்னாள்:

"அவரைத் திட்டாதேக்கா. நீ கண்டிப்பா படகைத் திருப்புவேன்னு அவர்கிட்ட சொன்னதே நான்தான்."