பூட்டுமுன் கூப்பிடும் பெயர்கள்

வால்விஸ் பே துறைமுகத்தில் எங்கள் மீன் குளிர்கிடங்குக் கதவை உள்ளிருந்து திறக்க முடியாது. கைப்பிடி பழுது. உள்ளே மைனஸ் இருபத்தைந்து டிகிரி; மாட்டிக்கொண்டவர் காலைவரை பிழைக்கமாட்டார். அதனால் கதவைச் சாத்தியதும் நான் வேலையாட்களை ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவேன். எல்லோரும் பதில் சொன்ன பிறகே பூட்டுவேன்.

நேற்று கடைசிப் பெட்டியும் லாரியில் ஏறியது. கதவைச் சாத்திவிட்டு, குளிரூட்டிய முன்னறையில் எல்லோரும் நின்றோம்.

"சீக்கிரம் கூப்பிடும்மா, மூக்கு கழண்டு விழுந்துடும்போல இருக்கு," என்றாள் ஹிலேனி.

கடைசியாக டாங்கெனியைக் கூப்பிட்டேன். பக்கத்தில்தான் நின்றான்.

"வந்துட்டேன்," என்றான்.

அதே நேரம் கதவுக்குப் பின்னாலிருந்தும் அவன் குரல் கேட்டது. "இரு, நான் இன்னும் வரலை."

"டேய், என்ன விளையாட்டு இது?" என்றாள் ஹிலேனி. யாரும் சிரிக்கவில்லை.

"மெஷின் சத்தம். நீ பூட்டு," என்றான் டாங்கெனி.

உள்ளே கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. "கை மரத்துப்போச்சு. தெறங்க."

நான் சாவியைப் பூட்டில் நுழைக்காமல் கீழே இறக்கினேன்.

"பூட்டுன்னு சொல்றேன்ல," என்று அவன் என் முகத்தருகே குனிந்து மெதுவாகச் சொன்னான்.

அந்தக் குளிரில் எங்கள் எல்லோர் வாயிலிருந்தும் மூச்சு வெண்புகையாக வந்துகொண்டிருந்தது. அவன் வாயிலிருந்து மட்டும் எதுவும் வரவில்லை.