ஊரும் பேரும் வினவாது

“இந்தச் சத்திரத்துல நான் ஒரு நாளும் தங்கினதில்லீங்க” என்றார் ஆசீர்.

விசாரணை அதிகாரியைப் பார்த்துத்தான் சொன்னார். எதிரே நின்ற கோபுவின் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

கோபு கூடத்துத் தூணைப் பற்றிக்கொண்டார். பதினோரு மார்கழிகளாக அந்தத் தூணருகேதான் இம்மனிதருக்குப் பாய் விரித்து வந்திருக்கிறார்.

திருவரங்கத்தில், அம்மா மண்டபச் சாலையிலிருந்து பிரியும் சந்தில் இருக்கிறது அந்தச் சத்திரம். மதுரையிலிருந்து வடக்கே துணிப்பொதி கொண்டுசென்ற வணிகர் ஒருவர் கட்டியது. காவிரி கரைபுரண்ட ஐப்பசியொன்றில், ஊரையும் பேரையும் கேட்டுவிட்டு அவர் முகத்தின் மேல் ஒரு கதவு சாத்தப்பட்டதாம். நீர் வடிந்ததும் அவர் இந்த இடத்தை வாங்கினார். வாயிற்கல்லில் ஒரே ஒரு கட்டளையைப் பொறித்தார்:

‘வழிவருவார்க்கு ஊரும் பேரும் வினவாது மூன்று நாள் அன்னமும் இடமும் தருக.’

நாற்பது ஆண்டுகளாக அந்தக் கட்டளையை வழுவாது காத்துவருபவர் கோபு.

கட்டியவரின் வழித்தோன்றலான கேஷவ், இதை இடித்துவிட்டு லாட்ஜ் கட்ட அனுமதி கேட்டு மனுச் செய்திருந்தான். வழிப்போக்கர் எவரும் இப்போது தங்குவதில்லை என்பது அவன் வாதம். தங்கியதாக ஒருவரேனும் வந்து சாட்சி சொன்னால் சத்திரம் பிழைக்கும். இல்லையேல் கடப்பாரை வரும்.

சென்ற மாதம் நடந்த முதல் விசாரணையில் அதிகாரி யமுனா பதிவேட்டைக் கேட்டார். கோபு நீட்டிய ஏட்டில் நாள் இருந்தது. எத்தனை இலை, எத்தனை பாய் என்று இருந்தது. பெயர் ஒன்றுகூட இல்லை.

“பேரில்லாத ஆளை நான் எப்படிங்க சாட்சியா ஏத்துக்கறது?”

“இலங்கைக்குப் போற வழியில இறக்கி வெச்ச எம்பெருமானே இங்க தங்கிட்டான். அவனை யாரு பேர் கேட்டா?” என்றார் கோபு.

கேஷவ் சிரித்தான். “அப்போ பெருமாளுக்கே சம்மன் அனுப்பிடுங்கோ மேடம். கோபு மாமாவுக்கு வேற சாட்சி கிடையாது.”

அந்தச் சிரிப்பு அடங்குமுன் கோபு ஒரு தாளில் ஒரு பெயரையும் முகவரியையும் எழுதி அதிகாரியிடம் கொடுத்தார்.

ஏகாதசியை ஒட்டி ஆண்டுதோறும் மூன்று நாள் வருபவர் அந்தப் பெயருக்கு உரியவர். விடியலில் கோபு பாசுரம் சேவிக்கத் தொடங்கினால், சற்றுத் தள்ளி அமர்ந்து கண்மூடிக் கேட்பார். மூன்றாம் ஆண்டில் அவர் உதடுகளும் அசைந்தன. ஆறாம் ஆண்டில் ஓரடியில் கோபுவின் நினைவு தடுக்கியபோது, அடுத்த சொல்லை மெல்ல எடுத்துக் கொடுத்தவர் அவரே. உடன்பிறந்தார் இல்லாத கோபு, அன்று அவரைத் தம்பியாக மனத்துள் வரித்துக்கொண்டார்.

அந்தத் தம்பிதான் இப்போது தலைகுனிந்து நிற்கிறார்.

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க” என்றார் யமுனா. “மார்கழியில மூணு நாள் வருவீங்கன்னு இவர் எழுதிக் கொடுத்திருக்காரே?”

“இல்லீங்க. நான் பொன்மலை ஒர்க்ஷாப்புல வேலை பாக்கறேன். ஞாயித்துக்கெழமையானா சர்ச்சு. இங்க எனக்கென்னங்க வேலை?”

கோபுவுக்குப் பொறுக்கவில்லை. அன்னத்தை மறுக்கலாம், பாயை மறுக்கலாம். சேர்ந்து சேவித்த பாசுரத்தையுமா ஒருவன் மறுப்பான்?

“உண்ட வீட்டுக்கு ரெண்டகமா சுவாமி?” என்றார்.

யமுனா இரண்டு வரி எழுதி ஆசீரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். கேஷவ் கைப்பேசியைக் காதில் வைத்தபடி வெளியேறினான். அவன் யாரிடமோ ஜேசிபி பற்றிக் கேட்பது சந்திலிருந்து தெளிவாகவே கேட்டது.

அதிகாரியும் கிளம்பிய பின்னர், செருப்பை மாட்டக் குனிந்த ஆசீர், குனிந்தவாறே பேசினார்.

“நோட்டீஸ் வந்தப்ப வீட்ல ஜெபக்கூட்டம் நடந்துக்கிட்டு இருந்துச்சுங்க ஐயா. என் சம்சாரம்தான் வாங்கிப் பிரிச்சா. அத்தனை பேர் காதுலயும் விழற மாதிரி படிச்சா. வருஷா வருஷம் யூனியன் மீட்டிங்குன்னு மெட்ராஸ் போறதா சொல்லிட்டுத்தாங்க இங்க வருவேன். யாரோ தப்பா எழுதியிருக்காங்கன்னு சத்தியம் பண்ணியிருக்கேன். நான் என்ன சொல்லப் போறேன்னு பாக்க, மருமகன் வாசல்ல வண்டியோட நிக்கிறாரு.”

கோபு வாசலைப் பார்த்தார். தலைக்கவசத்தைக் கழற்றாத ஓர் இளைஞன் வாயிற்கல்லின் எழுத்துகளைப் படித்துக்கொண்டிருந்தான்.

“எங்கயும் கேப்பாங்க. இங்க கேக்க மாட்டீங்கன்னுதாங்க வந்தேன்.” ஆசீர் நிமிர்ந்து முதன்முறையாக அவர் முகத்தைப் பார்த்தார். “என் பேரை நான் உங்களுக்கு எப்ப சொன்னேன் ஐயா?”

விடைக்காக அவர் காத்திருக்கவில்லை. வண்டி கிளம்பிச் சந்து திரும்பும் ஓசை கேட்டது.

சென்ற மார்கழியில், கேஷவின் மனு வந்து சேர்ந்திருந்த அந்த வாரத்தில், ஆசீர் காவிரிக்கு நீராடப் போயிருந்த கால் மணி நேரம் அது. கோபுவின் வாய் பாசுரத்தை விடாமல் சொல்லிக்கொண்டிருந்தது. கை தூணருகே இருந்த பையின் ஜிப்பைத் திறந்தது. பணிமனை அடையாள அட்டையில் இருந்த பெயரையும் முகவரியையும் எழுத்துப் பிசகாமல் எழுதிக்கொண்டார். பிறகு அட்டையை எடுத்த இடத்திலேயே, அதன் கீழே இருந்த கறுப்பு உறையிட்ட சிறிய வேதாகமத்தின் மேல், நேராக வைத்து மூடினார்.