பச்சைக் கீற்று

“இஞ்சேருங்கோ, ஆறு மணியாகப் போகுது. கமெராவைத் தூக்குங்கோ” என்று அவசரப்படுத்தினாள் அனுஷியா. புருஷன் படம் எடுக்கிறேன் என்று அலைந்தால் பெண்டாட்டிக்குக் கோபம் வரும் என்பார்கள். இவளோ அவனுக்கு முந்தியே தண்டவாளத்தைக் கடந்து வெள்ளவத்தைக் கடற்கரையில் போய் நின்றாள்.

சூரியன் கடலில் மறையும் கடைசிக் கணத்தில், எப்போதாவது ஒருநாள், அதன் விளிம்பில் பச்சையாக ஒரு கீற்று மின்னும். ஒரே ஒரு செக்கன்தான். கஜேந்திரன் இருபது நாளாக அந்தப் படத்துக்காகத்தான் தவம் கிடக்கிறான்.

சூரியனை உற்றுப் பார்த்துக்கொண்டே நின்றால் கண் கூசி, பச்சை வந்தாலும் தெரியாது. அதனால் அவன் கடலுக்கு முதுகைக் காட்டி நிற்பான். அவள் கறுப்புக் கண்ணாடியோடு பார்த்துக்கொண்டிருந்து “இப்ப” என்பாள், அவன் திரும்பி அமுக்குவான்.

கஜேந்திரனின் போன் அடித்தது. டொரண்டோவிலிருந்து அண்ணன் கிருபாகரன்.

“விசா வந்து எத்தினை நாள்? இன்னும் டிக்கெட் போடேல்லையே?”

“இந்த ஒரு படம் அண்ணா. எடுத்த அண்டைக்கே போடுறன்.”

“நீ வந்தாப் பிறகு அனுஷியாவைக் கூப்பிட மூண்டு வருசமாவது செல்லும். சுணங்காதை.”

போனை வைத்தவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. “முகில் மறைச்சிட்டுதோ?”

“இல்லை, வெளிச்சுத்தான் கிடக்கு.”

“அப்ப இன்னும் தாழேல்லையோ?”

“பொறுங்கோ. திரும்பாதேங்கோ.”

அவள் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். நாலடி தள்ளி இறால் வடை விற்றுக்கொண்டிருந்த நபீஸ் நானா கடலைப் பார்த்தபடி அப்படியே நின்றுவிட்டார். கையிலிருந்த மிளகாய்த்தூள் வடையில் விழவில்லை.

“இப்ப” என்றாள் அனுஷியா.

கஜேந்திரன் சட்டென்று திரும்பி அமுக்கினான். படத்தில் வெறும் கடல்தான் இருந்தது.

“இண்டைக்கும் போச்சு. என்ர ராசி” என்று முணுமுணுத்துக்கொண்டு கமெராவைத் தோளில் போட்டுத் தண்டவாளப் பக்கம் நடந்தான். பாவம், அவன் முகத்தைப் பார்க்கவே மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

நபீஸ் நானா குரலைத் தாழ்த்திக் கேட்டார். “தங்கச்சி, பச்சையா ஒண்டு மின்னிச்சே. நீங்க காணல்லையா?”

அனுஷியா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“இண்டையோட மூண்டாந்தரம் நானா. அவரிட்டச் சொல்லிப்போடாதேங்கோ.”