கூரை பின்னாத மந்தி

ஓடைக்கு இந்தக் கரையில் ஒரு குரங்குக் கூட்டம், அந்தக் கரையில் ஒரு கூட்டம். இரண்டு பக்கமும் கல் குவிந்து கிடந்தது. எறிந்தால் திரும்பி வருமே என்ற பயத்தில் யாரும் எறியவில்லை.

ஒருநாள் இந்தக் கரைத் தலைவன் தாட்டான், "மரத்துக்கு மேல கொடியால கூரை பின்னுவோம். ஒரு கல்லும் நம்ம குட்டிங்க மேல விழாது" என்றான். எல்லாரும் கொடி அறுக்க ஓடினார்கள்.

இரண்டே நாளில் எதிர்க்கரைக் கற்குவியல் இரண்டு மடங்கானது. கைக்குட்டிக்காரியான பூவாத்திதான் அதைக் கவனித்தாள்.

"அண்ணே, நான் பின்ன மாட்டேன்."

"உன் குட்டி மேல அக்கறை இல்லையா?"

"இருக்கிறதாலதான் சொல்றேன். கூரை முடிஞ்சா நாம துணிஞ்சு எறிவோம்னு அவங்க பயப்படுறாங்க. முடியறதுக்குள்ள அவங்க எறிஞ்சிடுவாங்க."

தாட்டான் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பூவாத்தி ஓடையில் இறங்கி, நடுப்பாறையில் ஏறி உட்கார்ந்தாள். குட்டிக்குப் பேன் பார்க்கத் தொடங்கினாள்.

எதிர்க்கரை மந்தி ஒருத்தி, கையில் கல்லோடு வெகுநேரம் இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கல்லைக் கீழே போட்டுவிட்டு, தன் குட்டியைத் தூக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கி வந்தாள்.

"கொஞ்சம் தள்ளி உக்காரு தாயி" என்றாள்.